வாசிப்புக் கூடத்திற்கு ஒரு வழங்கி



இலக்கியமும் வரலாறும் பேசும் இவ்விடத்தில் ஜாவா, டாம்கேட், வெப்சாக்கெட் முதலிய சொற்களைக் கண்டதும், முகவரி மாறி வந்துவிட்டோமோ என்று சிலர் ஐயுறக்கூடும். மாறவில்லை. பழைய நூல்களைக் கூடி வாசித்து மெய்ப்புப் பார்க்கும் பணியில் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறோம். அப்பணிக்காக நாங்களே ஒரு சிறு வழங்கியை அமைத்துக்கொண்டோம். அதில் கற்றதையும் இழந்ததையும் சொல்லி, இலக்கியக் குழு ஒவ்வொன்றிலும் ஒருவரேனும் இக்கலையை அறிந்திருக்க வேண்டும் என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எதற்காக இந்த வீண் வேலை என்னும் கேள்விக்கு விடை கூறிவிடுவோம். தமிழார்வலர்கள் இணையத்தில் கூடிப் பேசிய இடங்கள் யாவும் இரவல் இடங்கள். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மறைந்தது. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் சென்றது. எல்லாவற்றினும் பெரிய இழப்பு யாஹூ குழுமங்கள். கல்வெட்டு வாசிப்பு முதல் வெண்பாப் பயிற்சி வரை எத்தனையோ மடலாடல்கள் அங்கே நிகழ்ந்தன. பழைய மடல்களும் கோப்புகளும் அழிக்கப்படும் என்று 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்கள் முற்றிலும் மூடப்பட்டன. முன்யோசனையுடன் சேமித்துவைத்த சிலரைத் தவிர, மற்றவர்களுக்கு அந்த உரையாடல்கள் நினைவில் மட்டுமே எஞ்சின. ஏட்டைக் கரையான் தின்றது என்று வருந்தும் நாம், நம் காலத்து ஏடுகளை யார் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வாசிப்பு தொடக்கத்தில் மயிலை மாடவீதியை ஒட்டிய ஒரு வீட்டின் கூடத்தில் நடந்தது. ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் அச்சுப் பிரதியையும் தட்டச்சுப் பிரதியையும் ஒப்புநோக்கித் திருத்துவார்கள். ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் இம்முறை ஏட்டுச் சுவடிக் காலத்திலிருந்தே நம்மிடம் உள்ளது. பின்னர் ஒருவர் அடையாற்றுக்கும் மற்றொருவர் தியாகராய நகருக்கும் குடிபெயர்ந்தனர். இருவர் கடல் கடந்தனர். சனிக்கிழமை மாலையில் கூடத்தில் அமர்வோர் மூவரானார்கள். பக்கங்களை மின்மடலில் அனுப்பித் திருத்தங்களைத் தொகுக்கத் தொடங்கினோம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது முதல், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு மின்னூல்களை உருவாக்கி வருவதும் ஏறத்தாழ இவ்வாறே. அது பெரும்பணி, அதில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. ஆயினும், ஒரு சொல்லுக்கு மூவர் மூன்று பாடம் சொல்லி அங்கேயே வாதிட்டு முடிவு காணும் கூடத்தின் இன்பம் மடலில் கிட்டுவதில்லை. அதை மீட்க விரும்பினோம்.

இங்கேதான் வெப்சாக்கெட் வருகிறது. வழக்கமான இணைய நெறிமுறை அஞ்சல் போன்றது: உலாவி கேட்கும், வழங்கி விடை தரும், உறவு அத்துடன் முடிந்தது. கேட்காமல் வழங்கியால் வாய் திறக்க முடியாது. இதனால் முற்காலத்தில் அரட்டைப் பக்கங்களை அமைத்தவர்கள், சில நொடிகளுக்கொரு முறை உலாவியைக் கேட்கவைத்தார்கள். அல்லது ஜாவா ஆப்லெட் என்னும் குறுஞ்செயலியைப் பக்கத்திற்குள் பதித்தார்கள். கணினி மையங்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்தவர்களுக்கு, ஆப்லெட் ஏறுவதற்குள் பாதி நேரம் போனது நினைவிருக்கும். 2011 டிசம்பரில் வெளியான வெப்சாக்கெட் நெறிமுறை இதற்கு முடிவு கட்டியது. முதலில் உலாவி வழக்கமான முறையிலேயே கதவைத் தட்டும். இனி இந்த இணைப்பைத் திறந்தே வைப்போமா என்று கேட்கும். வழங்கி 101 என்னும் எண்ணுடன் இசைவு தெரிவித்தால், அதன்பின் இருவரும் விரும்பியபோது பேசலாம். ஒவ்வொரு செய்திக்கும் மேலுறையாகச் செல்வது 2 முதல் 14 பைட்டுகளே. ஒருவர் திருத்தியது அடுத்த நொடியே அனைவர் திரையிலும் தோன்றும். கூடம் திரும்பி வந்துவிட்டது.

தமிழர்கள் மகிழவேண்டிய செய்தி ஒன்றும் இந்நெறிமுறையில் உண்டு. அதில் செல்லும் உரைச் செய்தி யூடிஎஃப்-8 குறிமுறையில்தான் இருக்கவேண்டும். பிழையான பைட் வந்தால் 1007 என்னும் எண்ணைக் கூறி இணைப்பையே துண்டித்துவிடலாம். எழுத்துருச் சண்டைகளைக் கண்டவர்களுக்கே இதன் அருமை தெரியும். மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள், நம் மயிலையின் பெயரையே தாங்கிய 'மயிலை' எழுத்துருவில் வெளிவந்தன. பின்னர் திஸ்கி வந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறிமுறைகள் வந்தன. ஒருவர் எழுதியது மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். இன்று குறிமுறை என்ன என்னும் கேள்வியே எழாத ஒரு வழி நமக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நெறிமுறையால் உடையைத்தான் சோதிக்க முடியும், ஆளைச் சோதிக்க முடியாது. பழைய திஸ்கிக் கோப்பை வெட்டி ஒட்டினால், அது விளங்காத இலத்தீன் எழுத்துகளாக, முறையான யூடிஎஃப்-8 உடையிலேயே உள்ளே வந்து அமர்ந்துகொள்ளும். மாற்றியபின் ஒட்டுவதே முறை.

இனி அமைக்கும் முறை. ஏன் ஜாவா என்று கேட்பார்கள். வேறு மொழிகளிலும் இதைச் செய்யலாம். சிலவற்றில் இன்னும் சுருக்கமாகவே செய்யலாம். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் பணியாற்றும் ஆர்வலர்கள் பலருக்கு ஜாவா தெரியும் என்பது ஒரு காரணம். இன்று நாங்கள் எழுதுவதைப் பத்தாண்டு கழித்து வருபவரும் படித்துப் புரிந்துகொண்டு ஓட்டமுடியும் என்பது மற்றொன்று. ஆவணப் பணிக்கு இவ்விரண்டும் முக்கியம்.

ஓப்பன் ஜேடிகேயின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை, 17 அல்லது 21ஐ, நிறுவிக்கொள்ளுங்கள். அதன்மேல் டாம்கேட் அல்லது ஜெட்டி. எங்களைப் போன்ற சிறு குழுவுக்குப் பெரிய பயன்பாட்டு வழங்கிகள் தேவையில்லை. ஒரு ஜிகாபைட் நினைவகமுள்ள வாடகைக் கணினி போதும். தியாகராய நகர் உணவகமொன்றில் நால்வர் சிற்றுண்டி உண்ணும் தொகைக்குள் மாத வாடகை அடங்கிவிடும். வாசகர்கள் பெரும்பாலும் பேசாமல் இருப்பவர்கள். அமைதியான இணைப்புக்காக டாம்கேட் தனி இழை எதையும் ஒதுக்கி வைப்பதில்லை என்பதால் சில பத்துப்பேரை எளிதில் தாங்கும்.

முதல் இடறல் இங்கேயே காத்திருக்கிறது. ஜாவாவின் வெப்சாக்கெட் தரம் 2013இல் வெளியானபோது, அதன் தொகுப்புகளின் பெயர் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கியது. ஆரக்கிள் நிறுவனம் 2017இல் இத்தரங்களை எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை உடன் செல்லவில்லை. ஆகவே 2020 இறுதியில் வந்த பதிப்பில் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 9 வரை பழைய பெயர்; 10 முதல் புதிய பெயர். பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதிய நிரலைப் புதிய டாம்கேட்டில் ஏற்றினால் அது முறையிடுவதுகூட இல்லை. நீங்கள் எழுதிய வாயிலைக் கண்டுகொள்ளாமல், வருபவர்க்கெல்லாம் 404 என்று சொல்லிக்கொண்டிருக்கும். எங்களுக்கு ஒரு வாரம் இப்படிக் கழிந்தது. மேலும், தரத்தின் தொகுப்புக் கோப்பை உங்கள் செயலியுடன் சேர்த்து அனுப்பாதீர்கள். டாம்கேட்டிடம் அது ஏற்கெனவே உண்டு. இரண்டும் மோதினாலும் இதே போன்ற குழப்பம்தான்.

நிரல் எளியது. ஒரு வகுப்பின் தலையில் இது இன்ன முகவரிக்கான வாயில் என்று ஒரு குறிப்பு. உள்ளே நான்கு செயல்கள்: இணைப்புத் திறக்கும்போது, செய்தி வரும்போது, மூடும்போது, பிழை நேரும்போது. இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. வேறு ஏற்பாடு செய்யாவிடில், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அவ்வகுப்பின் தனிப்படி உருவாகும். வந்திருப்போர் பட்டியலை அந்தப் படிக்குள் வைத்தால், பன்னிருவர் வந்தும் ஒவ்வொருவரும் தனியறையில் அமர்ந்து தமக்குத்தாமே படித்துக்கொண்டிருப்பார்கள். பட்டியல் அனைவருக்கும் பொதுவான இடத்தில் இருக்கவேண்டும். அவ்வாறே, ஒரே இணைப்பில் இரண்டு இழைகள் ஒருசேர எழுத முயன்றால் டாம்கேட் பிழை சொல்லி மறுக்கும். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுவதுதானே சபை நாகரிகம். ஆளுக்கொரு வரிசை வைத்து ஒவ்வொன்றாக அனுப்புங்கள். உரைச் செய்திக்கான இடவளவு இயல்பாக 8192 மட்டுமே. முழு அத்தியாயத்தை ஒரே செய்தியாக அனுப்பினால் 1009 என்று கூறிக் கதவை அடைத்துவிடும். வரி வரியாக அனுப்புவதே நலம். வாசிப்பும் அப்படித்தானே நடக்கிறது.

தமிழுக்கே உரிய இடர்கள் தனி. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஜாவாவிடம் நீளம் கேட்டால் ஐந்து என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் அதுவே 15 பைட்டுகள். 'மூன்றாம் எழுத்தைத் திருத்துக' என்று ஒருவர் அனுப்ப, வழங்கி இகரக் குறியைப் பிடுங்கினால் சபையில் என்ன நேரும் என்று சொல்லவேண்டியதில்லை. 'கொ' என்னும் எழுத்தை ஒற்றை ஒகரக் குறியாலும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறுவேறு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. ஜாவா 6 முதல் இதை ஒருநிலைப்படுத்தும் வசதி உள்ளது. வரும் செய்தி ஒவ்வொன்றையும் வாசலிலேயே ஒருநிலைப்படுத்திவிடுவது எங்கள் வழக்கம்.

இவற்றினும் கொடியது கேள்விக்குறி. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18க்கு முன்புவரை, குறிமுறையைச் சொல்லாமல் கோப்பில் எழுதினால் இயங்குதளத்தின் இயல்பான குறிமுறையே கொள்ளப்பட்டது. அது ஆங்கிலத்துக்கு மட்டுமானதாக இருந்தால், தமிழெழுத்து ஒவ்வொன்றும் '?' என்று எழுதப்படும். திரையில் தவறாகத் தெரியும் எழுத்தை மீட்கலாம். கேள்விக்குறியாக எழுதப்பட்டதை எந்த வித்தகராலும் மீட்கமுடியாது. நீங்கள் நிறுவும் பதிப்பு 17 என்றால் இவ்வபாயம் இன்னும் உண்டு. கோப்பைத் திறக்கும் இடந்தோறும் யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி எங்கள் இழப்பைச் சொல்கிறோம். எல்லாம் அமைத்து முதல் மாதம் நன்றாகவே சென்றது. வழங்கியின் முன் ஓர் என்ஜின்எக்ஸ் நிறுத்தி, லெட்ஸ் என்கிரிப்ட்டின் இலவசச் சான்றிதழும் பெற்றிருந்தோம். அப்கிரேட், கனெக்‌ஷன் என்னும் இரு தலைப்புகளை அது தானாகக் கடத்தாது என்பதைப் படித்தறிந்து கைப்பட எழுதியும் வைத்தோம். படிக்கத் தவறியது ஒன்று: 60 நொடிகள் வழங்கியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை மூடிவிடும். அரட்டை அடிப்போர் 60 நொடி மௌனமாக இருப்பதில்லை. ஆனால் ஒரு கடினமான பாடலின் முன் அமர்ந்திருக்கும் வாசகர்கள்? ஐந்து நிமிடமும் வாய் திறக்கமாட்டார்கள்.

அன்று அப்படித்தான் நடந்தது. நெடுநேரம் சிந்தித்து ஒவ்வொருவரும் தம் பாடத்தைத் தட்டச்சு செய்தார்கள். மூடப்பட்ட வெப்சாக்கெட்டில் எழுதினால் உலாவி எந்தக் குறையும் சொல்வதில்லை. வாங்கி, ஓசையின்றிக் கைவிட்டுவிடும். மூடப்பட்ட செய்தி உலாவிக்கு வந்துதான் இருந்தது. அதைக் கேட்க நாங்கள் எழுதிய பக்கத்துக்குக் காதில்லை. மற்றவர் திருத்தங்கள் வராததை அவரவரும் 'இன்னும் யோசிக்கிறார்கள் போலும்' என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று. அடையாற்றிலிருந்து கலந்துகொண்ட பெரியவர் ஒருவர் அன்று ஒரு சொல்லுக்குச் சொன்ன பாடம் எங்களுள் எவருக்கும் கிட்டாதது. மறுவாரம் அவரிடமே கேட்டோம். "என்ன எழுதினேன் என்று நினைவில்லையே, அப்பா" என்றார். தவறு முழுவதும் எங்களுடையது.

அன்றைய தினம் மூன்று விதிகளைக் கற்பித்தது. முதலாவது, முப்பது நொடிக்கொரு முறை வழங்கி ஒரு 'பிங்' அனுப்பவேண்டும். உலாவி தானாகவே 'பாங்' என்று விடையிறுக்கும். நம் பக்கத்து நிரலால் பிங் அனுப்ப இயலாது என்பதால் இது வழங்கியின் கடமை. இரண்டாவது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண். வழங்கி பெற்றேன் என்று சொல்லும்வரை உலாவி அதைத் தன்னிடமே வைத்திருக்கவேண்டும். இணைப்பு அறுந்தால் மீண்டும் இணைந்து அனுப்பவேண்டும். மூன்றாவது, வழங்கி முதலில் கோப்பில் எழுதவேண்டும், பிறகே மற்றவர்க்குச் சொல்லவேண்டும். நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் வழங்கி, மறு இயக்கம் செய்த கணமே அனைத்தையும் மறந்துவிடும்.

ஒரே வரியை இருவர் திருத்துவது பற்றியும் கேட்பார்கள். அதற்கு நுட்பமான கணிதமுறைகள் உண்டு. நாங்கள் ஏட்டு முறையையே கொண்டோம்: வரியைக் கையில் எடுத்தவர் வைக்கும்வரை மற்றவர் தொடுவதில்லை. இணைப்பு அறுந்தால் வரி தானாக விடுபடும். பாதுகாப்புக்கு ஒரு சொல்: வெப்சாக்கெட்டுக்கு உலாவியின் வழக்கமான ஒரேதள வரம்பு பொருந்தாது. வேறொரு தளத்தின் பக்கமும் உங்கள் வழங்கியின் கதவைத் தட்டமுடியும். எங்கிருந்து வருகிறார் என்னும் தலைப்பைச் சோதித்து அனுமதிப்பது உங்கள் பொறுப்பு.

நம் கருத்துக்கு எதிர்வாதமும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நூலை மக்கள் படிக்க மட்டும் வைப்பதானால் வெப்சாக்கெட்டும் வேண்டாம், ஜாவாவும் வேண்டாம். எளிய பக்கங்களே போதும், அவை நீடித்தும் இருக்கும். தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க நல்ல வசதிகள் உள்ளன. அங்கு உழைப்போரை வணங்குகிறோம். நாங்கள் முடித்த நூல்களும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்து பொதுவுடைமையானவையாதலால், இறுதியில் அத்தகைய பொது இடங்களுக்கே செல்லவேண்டும். வெப்சாக்கெட் கூடிப் படிக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் உரியது. அதை ஆவணக் காப்பகம் என்று மயங்கியதே எங்கள் பிழை.

சொந்த வழங்கி வைத்தால் அழியாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததைக் கண்டவர்கள் நாம். மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களோடு மின்சாரத்தையும் இணையத்தையும் சாய்த்தது. ஆகவே ஒவ்வொரு வாசிப்பும் முடிந்ததும், அன்றைய உரை வெறும் யூடிஎஃப்-8 கோப்பாக மயிலையில் ஒன்று, தியாகராய நகரில் ஒன்று, நகருக்கு வெளியே ஒன்று என மூன்று இடங்களுக்குச் செல்கிறது. அதைத் திறக்க ஜாவாவும் வேண்டாம், எங்கள் நிரலும் வேண்டாம், நாங்களும் வேண்டாம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இன்று நமக்குப் பயன்படுவது, யாரோ சிலர் தங்கள் வாழ்நாளுக்கு அப்பாலும் எண்ணிச் சேர்த்ததனால்தான்.

இலக்கியக் குழுக்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. உங்களுள் ஒருவர் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்; கற்றவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒருவரே அறிந்த வழங்கியும் ஒருவரே படிக்கத் தெரிந்த சுவடியும் ஒன்றுதான். ஐயம் இருப்பின் எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்தவரை சொல்கிறோம். அடையாற்றுப் பெரியவர் இப்போதும் சனிக்கிழமைதோறும் வருகிறார். தம் பாடத்தை எழுதியதும், "வந்து சேர்ந்ததா?" என்று ஒரு வரி தவறாமல் கேட்கிறார். வழங்கி பெற்றேன் என்றாலும், நாங்களும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம்.